பதினாலாம் நம்பர் தொப்பி

பிப்ரவரி 11, செவ்வாய்

இந்த நோட்டு வினோதினி பாப்பா கொடுத்தது. முதலாளி மகள். சினிமாவுக்கு உடுப்பு வாடகைக்கு விடும் இந்தக் கம்பெனியை இப்போது அவள்தான் பார்க்கிறாள். போன தீபாவளிக்கு நான் இரண்டு நாள் லீவு போட்டதில் யாரோ ஒன்பதாம் நம்பர் தொப்பியைச் சுடுதண்ணீரில் ஊற வைத்துவிட்டார்கள். ஃபெல்ட் தொப்பி என்பது நெய்த துணி இல்லை, கம்பளியை அழுத்திச் செய்தது. சுடுதண்ணீர் பட்டால் சுருங்கும். ஒன்பதாம் நம்பர் இப்போது தேங்காய்க்குத்தான் சேரும். அதனால் எந்தத் தொப்பிக்கு என்ன செய்தேன் என்று இனி தேதி போட்டு எழுத வேண்டுமாம்.

"நான் அஞ்சாங்கிளாஸ் பாப்பா. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்றேன்.

"கோழி என்ன கிளறிச்சோ அதை மட்டும் எழுதுக்கா" என்றாள். என்னிடமே கற்ற வாய்.

அம்பாசமுத்திரம் பக்கம் இரண்டு மாதம் நடந்த ஷூட்டிங் முடிந்து இன்று டிரங்குப் பெட்டி வந்தது. வெள்ளைக்காரன் காலத்து வேட்டைக் கதை. ஒன்பதாம் நம்பர் போக இருபத்தொரு தொப்பி. எல்லாம் வினோதினியின் தாத்தா ஊட்டி பங்களாக்களில் ஏலம் எடுத்தவை, என்னைவிட வயசானவை. எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை.

பெட்டியோடு போன என் வீட்டுக்காரர் ஏகாம்பரம்தான் குறைகிறார். கம்பெனியில் காஸ்ட்யூம் அசிஸ்டென்ட். எட்டாம் தேதியே வேலை முடிந்துவிட்டது. இங்கே எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க, ரயிலில் வருகிறேன் என்று சொல்லி வேனில் ஏறாமல் நின்றுவிட்டாராம். அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு காக்கா கூடச் சொந்தமில்லை. போன் அணைந்து கிடக்கிறது.

1, 2, 3, 4: தூசி. பிரஷ் போட்டேன். முடி படியும் பக்கமாகவே சுற்றித் தேய்க்க வேண்டும், எதிர்ப்பக்கம் தேய்த்தால் சிலிர்த்துக்கொள்ளும். என் மாமியார் மாதிரி.

பிப்ரவரி 12, புதன்

5, 6: உள்பட்டையில் வியர்வை, மேக்கப் எண்ணெய். முல்தானி மெட்டி தூவி மூடி வைத்தேன். நாளை தட்டினால் எண்ணெயை இழுத்துக்கொண்டு வரும்.

7: மழைத்துளி பட்ட வட்டங்கள். இட்லிக் குண்டான் ஆவியில் தூரமாகக் காட்டி பிரஷ் போட்டேன், போய்விட்டது. தையல்காரர் கமாலுதீன் பாய், "இட்லி எங்கம்மா?" என்றார். "தொப்பி வெந்ததும் சட்னியோட தரேன் பாய், கண்ணாடியைக் கழட்டிட்டுச் சாப்பிட்டா வித்தியாசம் தெரியாது" என்றேன்.

14: சாம்பல் நிறம். இவர் எப்போதும் போட்டுக்கொள்கிற தொப்பி. ஷூட்டிங்குக்கு என்று பேர்தான், நடிகன் தலையில் இருந்ததைவிட இவர் வழுக்கையில் இருந்ததுதான் அதிகம். விளிம்பில் முன்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு. அங்கிருந்து இடது பக்கமாக ஏழெட்டுத் துளி தெறித்திருக்கிறது.

பாய் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். என் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார். விளிம்பு நெளியாதபடி தொப்பியை மல்லாக்க வைத்தார். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, நான் எத்தனை தரம் கத்தியிருக்கிறேன்.

14க்கு இன்று ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மகள் திருத்தணியிலிருந்து போன் பண்ணினாள். அப்பா எங்கே என்றாள். ஷூட்டிங் நீண்டுவிட்டது என்றேன்.

சிவப்பில் பல சாதி இருக்கிறது. சினிமா ரத்தம் சர்க்கரைப் பாகில் சாயம் கலந்தது. அது பட்ட துணியை ஓரமாக வைத்தால் பத்து நிமிஷத்தில் எறும்பு வந்துவிடும். 14ஐ ஜன்னல் ஓரம், எறும்பு வரிசை பக்கத்திலேயே வைத்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். எறும்புகள் தொப்பியைச் சுற்றிக்கொண்டு போயின.

"எறும்புக்கு என்ன அவசரமோ" என்றேன். பாய் சிரிக்கவில்லை.

5, 6: தட்டினேன். சுத்தம்.

பிப்ரவரி 14, வெள்ளி

பாயும் நானும் போலீஸ் ஸ்டேஷன் போய் வந்தோம். காணவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். போட்டோ கேட்டார்கள். கொடுத்தேன். "தொப்பி இல்லாத போட்டோ இல்லியாம்மா?" என்றார் அந்த ஏட்டு. "கல்யாண போட்டோவுலகூட தலையில துண்டு கட்டியிருப்பாரு சார். தலை வெளியே தெரிஞ்சிருந்தா எங்கப்பா பொண்ணே குடுத்திருக்க மாட்டாரு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும்.

14ஆம் நம்பர் தொப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அது ரத்தம் ஆகிவிடும்.

பிப்ரவரி 15, சனி

நிஜ ரத்தத்துக்குக் குளிர்ந்த உப்புத் தண்ணீர். பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தால் பழுப்பாகப் பஞ்சில் ஏறும். ஓரமாக ஒரு துளியில் மட்டும் ஒற்றினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் ஒற்றினேன். திறந்து பார்த்தால் பஞ்சு வெள்ளையாகவே இருக்கிறது.

பழைய ரத்தம் சில சமயம் அசையாது. அதையும் எழுத வேண்டும் இல்லையா.

8, 10, 11, 12: காய்ந்த பன்னை உருட்டித் தேய்த்தேன். அழுக்கைப் பன் தின்றுவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாதம் இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நல்ல நாள். விவரமாக எழுதுகிறேன்.

ராத்திரி படுத்திருக்கும்போது பூசணிக்காய் ஞாபகம் வந்தது. ஷூட்டிங் முடிகிற அன்றைக்குப் பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கொட்டி உடைப்பார்கள். பக்கத்தில் நிற்பவன் மேலெல்லாம் தெறிக்கும். விடிந்ததும் அந்த ஷூட்டிங்கின் மேனேஜருக்குப் போன் போட்டேன். ஆமாம், உடைத்தோம், ஏகாம்பரம்தான் உடைத்தார் என்றார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

பாய்க்கு நிரூபிக்க வேண்டும். கிழிந்த ஃபெல்ட் துண்டு ஒன்றில் கடைக் குங்குமத்தைக் குழைத்து வைத்தேன். மேலே எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சாயக் குங்குமம் எலுமிச்சைக்கு அசையாது. அப்படியே சிவப்பாக நின்றது. "பாருங்க பாய், இப்போ இதுவும் இப்படித்தான் நிக்கும்" என்று 14இன் கறையில் ஒரு துளி விட்டேன்.

மஞ்சளாகிவிட்டது.

கண் முன்னால், விட்ட இடம் மட்டும், பளிச்சென்று மஞ்சள். இன்னொரு துளி விட்டேன். அதுவும் மஞ்சள்.

எது எப்படியோ, ரத்தம் எலுமிச்சைக்கு மஞ்சளாகாது. ரத்தம் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார். நான் ஷெட்டைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். வினோதினி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகலைன்னு ஆச்சு" என்றேன். எல்லோருக்கும் டீ.

பாய் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். "என்ன பாய், எலுமிச்சை டீயில விழுந்துடுச்சா?" என்றேன்.

"மரகதம்மா, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவப்பு. அதுல புளிப்பு பட்டா திரும்ப மஞ்சள். உனக்குத் தெரியாததா?"

"தெரியுமே."

"அப்போ அது எதுக்குக் கரைக்கிறதுன்னும் தெரியும்."

"ஆரத்தி" என்றேன். என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.

ஏன், ஓட்டலில் கூடத்தான் ஹீரோவுக்கு ஆரத்தி எடுப்பார்கள். பக்கத்தில் இவர் நின்றிருப்பார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

14: தொப்பியைச் சுற்றித் தைத்த ரிப்பனைப் பிரித்தேன். மடிப்புக்குள் ஐந்து அரிசி. மஞ்சள் தடவிய, முனை உடையாத அரிசி.

பிப்ரவரி 19, புதன்

மேனேஜருக்கு மறுபடியும் போன் போட்டேன். கதையில் கல்யாண சீன் உண்டா என்று கேட்டேன். "அக்கா, புலி வேட்டை படம். புலிக்கா கல்யாணம் பண்ணி வைப்போம்?" என்றார். ஓட்டலில் யாராவது ஆரத்தி எடுத்தார்களா என்றேன். லாட்ஜில் தண்ணியே ஒழுங்காக வரவில்லை என்றார்.

பாயிடம் சொன்னேன், இவர் யார் கல்யாணத்துக்காவது போயிருப்பார் என்று.

"போயிருக்கலாம்" என்றார் பாய்.

"சாப்பாடுன்னா விட மாட்டாரு."

"ஆமா."

"அட்சதை எல்லார் மேலயும்தானே விழும்."

"விழும்மா."

"பந்திக்கு வந்தவனுக்கு யாரும் ஆரத்தி எடுக்க மாட்டாங்க, இல்ல பாய்?"

பாய் மிஷினை நிறுத்தினார். "வீட்டுக்குப் போறியா? நான் பாப்பாகிட்ட சொல்லிக்கிறேன்" என்றார்.

எதற்குப் போக வேண்டும். 13, 15, 16 முடித்தேன். 15இல் வெற்றிலைக் கறை, எந்த வேட்டைக்காரன் துப்பினானோ. நைஸ் உப்புத்தாளால் மேலாக இரண்டு இழுப்பு.

பிப்ரவரி 20, வியாழன்

17, 18, 19, 20, 21, 22. எல்லாம் சுத்தம்.

பிப்ரவரி 21, வெள்ளி

14 மட்டும் பாக்கி. மஞ்சளுக்கு வெயில்தான் எமன். மொட்டை மாடியில் வைத்தேன். காக்கா வந்து பார்த்துவிட்டுப் போனது. சாயங்காலம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

பிப்ரவரி 22, சனி

வந்துவிட்டார்.

மத்தியானம் வீட்டு வாசலில் நிற்கிறார். புதுச் சட்டை. முகம் செழிப்பாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டாம்.

"செத்துப் பொழைச்சேன் மரகதம்" என்றார். "சாமானை வேன்ல ஏத்தும்போது விளக்குக் கம்பி மண்டையில விழுந்துடுச்சு. அங்க ஒரு ஆஸ்பத்திரியில பத்து நாளு. போனும் தொலைஞ்சு போச்சு. நேத்துதான் வேற வாங்கினேன்."

"ஐயையோ" என்றேன்.

"தொப்பியைப் பாக்கலியா நீ? பதினாலாம் நம்பரு. அதுல இருக்கறது என் ரத்தம்தான்."

நான் கிட்டே போய் அவர் தலையைப் பார்த்தேன். முன்னால், பின்னால், காது ஓரம். ஒரு கீறல் இல்லை. உரித்த முட்டை மாதிரி இருந்தது.

"ஆறிடுச்சு" என்றார்.

"எவ்ளோ ரத்தம் போச்சு?"

"தொப்பி நனைஞ்சுது."

"உன் ரத்தம் அதிசய ரத்தம்யா. எலுமிச்சம்பழம் புழிஞ்சா மஞ்சளாவுது" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தார். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ஐந்து அரிசியையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை மூடவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை.

"யாரு?" என்றேன்.

"கல்லிடைக்குறிச்சி. பேரு உலகம்மா." அப்புறம், "ரொம்ப வருஷமா கல்யாணம் ஆகாத பொண்ணு, பாவம்" என்றார், ஏதோ தர்ம காரியம் செய்துவிட்டு வந்த மாதிரி.

"என்னைப் பத்தி இன்னா சொல்லி வச்சிருக்கே?"

"நீ இல்லைன்னு."

"இல்லைன்னா? ஊர்ல இல்லைன்னா?"

வெளியே யாரோ பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெரு முனைக்குப் போகும் வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு நாள் நான் இவர் செத்தாரா இருக்கிறாரா என்று கறை கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே செத்துக் கிடந்தது நான்.

அவர் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். தூங்குகிறார். நான் சமையல்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இது தொப்பிக் கணக்கு இல்லைதான். வேறு நோட்டு என்னிடம் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் அவர் குளிக்கும்போது அவருடைய புது போன் அடித்தது. 'உலகநாதன் லாரி' என்று வந்தது. எடுத்தேன். லாரிக்கு வளையல் சத்தம்.

"எந்திரிச்சாச்சா? ஷூட்டிங்குக்குக் கிளம்பலியா?" என்றாள்.

"அவர் குளிக்கிறாரும்மா."

"யாரு பேசுதீய?"

என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. "செத்துப்போன சம்சாரம் பேசறேன்" என்றேன்.

கத்துவாள், போனை வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நான் என் பேரைச் சொன்னேன். எத்தனை வருஷம் ஆகிறது, மகளை எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறது, நான் எங்கே வேலை செய்கிறேன், எல்லாம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். அந்த "ம்" வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது.

"தொப்பியில எப்படிம்மா ஆரத்தி பட்டுச்சு?" என்று கேட்டேன். பைத்தியக்காரக் கேள்வி. ஆனால் பன்னிரண்டு நாளாக என் கேள்வி அதுதான்.

"வாசல்ல வச்சு தொப்பியக் கழட்டுங்கன்னு எங்க அத்தை சொன்னா. அவுக, சினிமாக்காரவுக கழட்ட மாட்டோம்னாவ. அத்தைக்குக் கோவம். தொப்பியிலயே பொட்டு வச்சிட்டு, வெடுக்குனு திரும்பினதுல தட்டுத் தண்ணியும் தெறிச்சிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது போல இருந்தது, பாதியில் அழுகையாக மாறிவிட்டது.

"அக்கா, நான் தெரிஞ்சு செய்யல. எங்க அண்ணன் முதல்ல நம்பல. சம்சாரம் செத்ததுக்கு என்ன ஆதாரம்னு கேட்டான். தை அமாவாசை அன்னைக்கு எங்க எல்லாரையும் பாபநாசத்துக்குக் கூட்டிட்டுப் போயி, ஆத்துல எறங்கி, உங்க பேரச் சொல்லி எள்ளுந் தண்ணியும் எறச்சாவ. அழுதாவக்கா. நானும் அழுதேன். அதப் பாத்துதான் அண்ணன் சரின்னான்."

நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என் பேரச் சொல்லியா?"

"மரகதம்னு. மூணு தரம்."

இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டது ஊரில் யாரும் செய்யாததா என்று தேற்றிக்கொள்ள நேற்று ராத்திரி முழுக்கப் பார்த்தேன். திட்டிவிட்டு, நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சோறு போட்டிருப்பேனோ என்னவோ. எனக்கே என்னைத் தெரியும். ஆனால் இடுப்புத் தண்ணீரில் நின்று, நான் இங்கே இட்லிக் குண்டானில் தொப்பிக்கு ஆவி காட்டிக்கொண்டிருக்கும்போது, என் பேரை மூன்று தரம் சொல்லி எள்ளை விட்டிருக்கிறார்.

"அண்ணன்கிட்ட சொல்லு" என்றேன். "பயப்படாதே. நீ ஒரு தப்பும் பண்ணலை. அவரு அங்க வந்தா கதவைத் தொறக்கறதும் தொறக்காததும் உன் இஷ்டம். நான் கேக்க மாட்டேன்."

"நீங்க என்ன செய்யப் போறீய?"

"நான் செத்துட்டேனேம்மா. எனக்கு என்ன வேலை" என்றேன்.

அவர் துண்டோடு வந்தார். போன் என் கையில் இருப்பதைப் பார்த்தார். போய்ப் பலகையைப் போட்டு உட்கார்ந்தார், வழக்கம் போல. பயந்தால் அவருக்குப் பசிக்கும்.

"சாப்பாடு வை மரகதம். பேசிக்கலாம்."

நான் எழுந்திருக்கவில்லை.

"யோவ், தை அமாவாசைக்கு எனக்கு எள்ளும் தண்ணியும் எறைச்சியாமே."

தலையைக் குனிந்தார். "சும்மாதான். அவங்க நம்பறதுக்கு."

"ஆத்துத் தண்ணிக்கு சும்மான்னு தெரியுமா?"

"மரகதம், அது வெறும் எள்ளு."

"செத்தவங்களுக்கு உயிரோட இருக்கறவங்கதான் சோறு வைப்பாங்க. செத்தவ யாருக்கும் சோறு வைக்கறதில்லை. எழுந்திரு."

எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்தார். நான் கிண்டல் பண்ணுகிறேனா என்று தேடினார். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் பார்ப்பார். நான் கடைசியில் சிரித்துவிடுவேன், அவர் தப்பித்துவிடுவார். இன்றும் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். கால் மரத்துப் போயிருக்க வேண்டும், பலகையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "எங்கே போறது?" என்றார்.

"என்னைக் கேட்டா எப்படி? நான் போன இடத்துக்கு வழி தெரிஞ்சவன் நீதான்" என்றேன்.

போய்விட்டார். நான் தட்டு எடுத்து, எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நாக்கில் அது நன்றாகத் தெரிந்தது.